டிசைன் பேப்பரின் ஓரத்தில் ஒரு பெயர்

(திருச்சியில் பெண்கள் கைவேலை மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை.)



புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு மன்றத்தின் விதிகளை எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். விதிகள் அந்தச் சுவரில் மாட்டியிருக்கின்றன, படித்துக்கொள்ளலாம். ஆனால் நான்காவது விதி எப்படி வந்தது என்பது சுவரில் எழுதியிருக்காது. அது நான் செய்த ஒரு தப்பால் வந்தது. அதை நானே சொல்வதுதான் முறை என்று நினைக்கிறேன்.

அப்போது நாம் ஒரு வீட்டு மாடியில் கூடுவோம். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா. எல்லோருக்கும் பெரியம்மாதான், எனக்கும். ஒரு நாள் காக்கிப் பேப்பர் ஒன்றை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். பிரித்துத் தரையில் வைத்தார். மாங்காய்க்குள் ஒரு கிளி.

மாங்காய்க்குள் கிளி வைப்பது ஒன்றும் புதிதில்லை. பட்டுப்புடவை முந்தானையில் நாம் பார்க்காத கிளியா? ஆனால் இந்தக் கிளி கழுத்தை முழுக்கத் திருப்பித் தன் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வால் மேலே ஏறி, வளைந்து, மாங்காயின் நுனியாகவே முடிந்தது. வால் எந்த இடத்தில் நின்று காம்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரலை வைத்துத் தேடினாலும் பிடிபடாது. பெரியம்மாவின் அம்மா கட்டிய புடவையில் அந்தக் கிளி இருந்ததாம். புடவை இற்றுப் போய்விட்டது. நினைவிலிருந்து வரைந்திருக்கிறார். “வால் மட்டும் எனக்கு ஞாபகம் வரலை. அதை நானாத்தான் போட்டேன்” என்றார். அந்த வாலைத்தான் நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றே ஆளுக்கொரு ட்ரேஸ் எடுத்தோம். இப்போது ஃபோட்டோ எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொள்கிறீர்கள். அன்று எப்படி என்று இளையவர்களுக்குச் சொல்கிறேன். மடித்த ஜமுக்காளத்தின்மேல் பேப்பரை விரித்து, கோட்டின்மேலேயே ஊசியால் நெருக்க நெருக்கமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். துளைக்கும் துளைக்கும் இடையில் ஒரு எள்ளளவு இடைவெளி இருந்தால் போதும், கூடினால் வளைவு உடைந்துவிடும். பிறகு துளையிட்ட பேப்பரைத் துணிமேல் வைத்து, வெளிர் துணியானால் நீலத்தையும் கறுப்புத் துணியானால் வெள்ளைப் பொடியையும் மண்ணெண்ணெயில் குழைத்து, பஞ்சில் தொட்டு ஒரே பக்கமாகத் தேய்ப்போம். முன்னும் பின்னும் தேய்த்தால் கறை பரவும். பேப்பரைத் தூக்கினால் துணியில் புள்ளி புள்ளியாகக் கிளி உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெய் ஆவியாகிப் போகும், புள்ளி நிற்கும். ஒரு தடவை துளை போட்டுவிட்டால் அந்தப் பேப்பர் எத்தனை துணிக்கும் வரும். குத்தி முடிக்கத்தான் ஒரு பொழுது ஆகும். அதன்பிறகு எத்தனை கிளி வேண்டுமானாலும் சில நிமிஷ வேலைதான்.

என்னிடம் இருந்த அந்தப் பேப்பரை நான் ஒரு கடைக்காரருக்குக் கொடுத்தேன். தெரிந்தவர். “புதுசா ஏதாவது இருக்கா டீச்சர்?” என்று கேட்டார். காசு எதுவும் வாங்கவில்லை. நல்ல டிசைன் நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான் கொடுத்தேன். மூன்று மாதத்துக்குள் கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் அந்தக் கிளி ரவிக்கைத் துணிகளில் டஜன் டஜனாகத் தொங்கியது. பெரியம்மாவின் மருமகளே ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். “அத்தை, உங்க கிளி மாதிரியே இருக்கு பாருங்க” என்று காட்டியிருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை பெரியம்மா வந்தார். சத்தம் போடவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே டீச்சர்” என்றார். அவ்வளவுதான். பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார், ஆனால் அதன்பின் எந்தப் பேப்பரும் கொண்டுவரவில்லை. பெரியம்மா நிறுத்தியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வந்தார்கள், தைத்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பையிலிருந்து பேப்பர் வெளியே வருவது மட்டும் நின்றுபோனது. வாரா வாரம் அதைப் பார்க்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மன்றத்துக்கு அப்போதும் விதிகள் இருந்தன. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யும்போது துணைவிதிகள் எழுதிக் கொடுத்தோம். பொதுக்குழு எப்போது கூட வேண்டும், சந்தா எவ்வளவு, கணக்கை யார் தணிக்கை செய்வது, எல்லாம் அதில் இருந்தது. நாம் கூடியதே கைவேலைக்காக. ஆனால் ஒருத்தி நம்பிக் கொண்டுவந்து விரிக்கிற காகிதத்தை நாம் எப்படி நடத்த வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. அது தோன்றவே இல்லை எங்களுக்கு.

“இதெல்லாம் பொதுச் சொத்துதானே டீச்சர், அம்மா சொல்லிக்கொடுத்ததற்குக் காசா வாங்கினாள்?” என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ள மாட்டேன். சங்கிலித் தையல் யாருடையது? காஜாத் தையல் யாருடையது? யாருடையதும் இல்லை. இப்படி வழிவழியாக வந்த தையல் முறைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. மாங்காயும் தாமரையும் அன்னமும் அப்படித்தான். கற்றுக்கொள்கிறவள் பார்த்துப் பார்த்துப் போடத்தான் வேண்டும். அடுத்தவர் கோட்டின்மேல் நூறு தடவை போன பிறகுதான் நம் கை தானாக ஒரு கோடு போடும். அதைத் தடுத்தால் மன்றத்தை மூடிவிடலாம்.

கோலத்தைப் பாருங்கள் என்பார்கள். வாசலில் போட்ட கோலத்தை எதிர்வீட்டுப் பெண் பார்த்துப் போட்டால் யாராவது கோபிப்பார்களா? கோபிக்க மாட்டார்கள். ஆனால் என் அம்மாவின் கோல நோட்டு என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. பக்கத்துக்கு ஒரு கோலம். கீழே பென்சிலில் புள்ளிக் கணக்கு, அதற்குக் கீழே இன்னொரு வரி: மாடிவீட்டு அத்தை கொடுத்தது. அடுத்த பக்கத்தில்: பெரியகுளத்திலிருந்து வந்த நாத்தனார். யாரும் அம்மாவை அப்படி எழுதச் சொல்லவில்லை. மார்கழியில் அந்தக் கோலத்தைப் போடும்போது “இது அத்தையோடது” என்று சொல்லிக்கொண்டேதான் போடுவாள். நான் டிரெயினிங் முடித்து, அரசுத் தையல் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லையே என்று பிறகு வருந்தினேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பெரியம்மா காகிதத்தில் வரைந்தாரே, அந்தப் படம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கலைப் படைப்பு. வரைந்த நிமிஷமே உரிமை வந்துவிடுகிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க அவருக்கு, அதன்பின் 60 ஆண்டு அவர் வாரிசுகளுக்கு. ஆனால் அதை ஒரு பொருளில் போட்டு விற்கும் வடிவமாக்கினால் வேறு சட்டம் குறுக்கே வருகிறது, 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம். அதில் பதிவு செய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதிவு செய்யத் தகுந்த வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கிவிட்டால் பதிப்புரிமையும் முடிந்துபோகும். பதிவுக்குப் போகும் வடிவம் அதற்குமுன் வெளியில் வந்திருக்கவும் கூடாது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் இல்லை. பெரியம்மா பதிவு செய்யப் போயிருப்பாரா என்பது வேறு. போகலாம் என்றிருந்த கதவை, ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரத்தில், அவருக்குத் தெரியாமல் நான் சாத்திவிட்டேன். மிச்சமிருந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒரு கிளிக்காக எந்தப் பெரியம்மா கோர்ட்டுக்குப் போகப் போகிறார்?

புவிசார் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். நல்ல ஏற்பாடுதான். 1999இல் சட்டம் வந்தது, 2003இல் நடைமுறைக்கு வந்தது, அதன் பதிவகமே நம் சென்னையில்தான் இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்கு அது உண்டு. நீலகிரித் தோடர் பெண்களின் எம்பிராய்டரிக்கு 2013இல் கிடைத்தது. அந்த வேலையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக இருக்கும். ட்ரேஸ் கிடையாது, கோடு கிடையாது, பென்சில் கிடையாது. துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். பார்த்தால் தறியில் நெய்த கரை என்றே நினைப்பீர்கள். அந்தக் கணக்கு அவர்கள் கண்ணிலும் விரலிலும் இருக்கிறது. அதைப் பூத்துக்குளி என்ற போர்வையாகப் போர்த்திக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் அந்த மக்களுக்கு உரியது என்று நாடு எழுதிவைத்தது சரியான காரியம். ஆனால் புவிசார் குறியீடு ஊருக்கும் சமூகத்துக்கும் உரியது. மாடி ஹாலில் ஒரு பெரியம்மா ஒற்றையாளாகப் போட்ட கிளி வாலுக்கு அது குடை பிடிக்காது.

பெயர் சொல்லாமல் எடுப்பது பெரிய இடத்திலும் நடக்கிறது. 2025 ஜூனில் மிலானில் நடந்த ஆடை அணிவகுப்பில் பிராடா நிறுவனம் ஒரு செருப்பைக் காட்டியது. பார்த்தவுடன் எல்லோருக்கும் தெரிந்தது அது கோலாப்பூர்ச் செருப்பு என்று. நிறுவனம் முதலில் தோல் செருப்பு என்று மட்டும் சொன்னது, கோலாப்பூரையோ இந்தியாவையோ சொல்லவில்லை. இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. அதன்பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் செருப்புக்கு 2019இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது பெரியம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அத்தனை பெரிய நிறுவனத்திடமும் இங்கே இருந்தவர்கள் முதலில் கேட்டது, ஏன் எங்கள் பேரைச் சொல்லவில்லை என்பதுதான். என்னிடம் பெரியம்மா கேட்டதும் கிட்டத்தட்ட அதே.

அந்தச் செருப்புச் செய்திக்கெல்லாம் வெகு நாள் முன்பே நான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன், நான் செய்தது தப்பு என்று. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். “விடுங்க, போனது போச்சு, இனிமே என்ன செய்யலாம்னு சொல்லுங்க” என்றார். நான்காவது விதியின் முதல் வரி அந்த வீட்டுத் திண்ணையில்தான் எழுதப்பட்டது.

விதி இதுதான். மன்றத்துப் பெட்டிக்குள் வரும் டிசைன் பேப்பர் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். தானே போட்டதா, யாரிடமிருந்து வந்தது என்பதும் வேண்டும். அதன் கீழே, எதற்கெல்லாம் எடுக்கலாம் என்று அவரே தன் கையால் எழுத வேண்டும். தைத்துப் பழக எடுக்கலாம் என்று பெரும்பாலும் எல்லோரும் எழுதுவார்கள். பரிசாகத் தைத்துக் கொடுக்கலாம் என்றும் எழுதுவார்கள். விற்க வேண்டுமானால் என்னைக் கேட்கவும் என்று சிலர் எழுதுவார்கள், தாராளமாக விற்கலாம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. எது எழுதினாலும் மன்றம் அதைக் கேள்வி கேட்காது. நகல் எடுக்கும்போது அந்த ஓரத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஃபோனில் படம் எடுத்தாலும் அப்படித்தான். ஓரத்தை வெட்டிவிட்டுக் கிளியை மட்டும் அனுப்பக் கூடாது.

பெரியம்மாவின் காக்கிப் பேப்பர் இன்றும் பெட்டியில் இருக்கிறது. அதில் அவர் பெயரை அவரே எழுதினார். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். பழகலாம், பரிசு கொடுக்கலாம், விற்க என்னிடம் சொல்லவும் என்று எழுதியிருக்கிறார். அவர் காலமானபின் யாரிடம் சொல்வது என்று கேள்வி வந்தது. அவர் பிள்ளையும் மருமகளும் சேர்ந்து, மருமகளிடம் சொன்னால் போதும் என்றார்கள். இது வரைக்கும் மூன்று பேர் அவளிடம் கேட்டு, ஆர்டர் எடுத்துத் தைத்திருக்கிறார்கள். மூன்று பேரிடமும் அவள் பணம் வாங்கவில்லை. தைத்த ரவிக்கையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள், அவ்வளவுதான்.

விதியைப் போட்ட அடுத்த வாரமே பெட்டி நிறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் ஆனது. முதலில் ஒருவர் ஒரு சின்ன ரோஜாக் கொத்தைக் கொடுத்துப் பார்த்தார். அதை எடுத்தவள் அவர் பெயரைச் சொல்லித்தான் மற்றவர்களுக்குக் காட்டினாள். பிறகு அவரே குரோஷா லேஸ் கணக்கு எழுதிய முழு நோட்டையும் கொண்டுவந்தார்.

மற்ற விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துணிக் கத்தரியால் பேப்பர் வெட்டக் கூடாது, கூர் மழுங்கிவிடும். சிவப்பு ரிப்பன் கட்டியது துணிக்கு மட்டும். கிளம்புமுன் அவரவர் ஊசியை எண்ணிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும், கீழ்வீட்டுக் குழந்தைகள் ஓடியாடும் இடம் இது. இன்னும் முடிக்காத வேலையைத் தைப்பவரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கட்சி, சாதிப் பேச்சு இங்கே வேண்டாம். ஆரி வேலைக்கு ஆர்டர் எடுக்கிறவர்கள் இப்போது நம்மில் அதிகம். கல்யாண ரவிக்கைக்கு ஒருத்தி சொன்ன விலையைக் கேட்டுக்கொண்டு, அதே வாடிக்கையாளரிடம் இன்னொருத்தி குறைத்துச் சொல்வது நடந்திருக்கிறது. ஃப்ரேமின் முன்னால் முதுகு ஒடிய உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாக ஊசியில் எடுத்துக் கோர்ப்பவர்களுக்குத் தெரியும் அந்த விலையில் எவ்வளவு கூலி நிற்கும் என்று. ஒருவர் குறைத்தால் ஊர் முழுவதும் குறைந்துவிடுகிறது. அதனால் வாடிக்கையாளர் பேச்சை இங்கே பேசலாம், வாடிக்கையாளரைப் பறிக்கக் கூடாது.

இன்னும் ஒரு விதியில் மட்டும் கொஞ்சம் நின்று போகிறேன். ஒருத்தி போட்ட தையலை அடுத்தவள் பிரிக்கக் கூடாது. இதுவும் டீச்சர்களுக்காகவே எழுதியது. எங்களுக்குப் பழக்கம், தப்பைப் பார்த்தவுடன் துணியை வாங்கிச் சடக்கென்று நூலை அறுத்துவிடுவோம். புதிதாக வந்த ஒரு பெண் பிரெஞ்சு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் தளர்ந்து வளையமாகத் தொங்கியது. வாங்கிப் பிரித்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தத் துணியில் ஒரு மாலை நேரம் முழுவதும் இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், வேறொரு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம். நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கட்டைவிரலால் நூலை இழுத்துப் பிடித்தபடியே, ஊசி மேலே வந்த துளையிலேயே இறக்காமல் ஒரு இழை தள்ளி இறக்கிக் காட்டுகிறோம். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். விரலை முன்னதாகவே விட்டால் தளர்ந்துவிடும். அவள் பார்த்துவிட்டுத் தன் துணியில் எதைப் பிரிக்கலாம், எதை அப்படியே விடலாம் என்று அவளே முடிவு செய்துகொள்வாள். தளர்ந்த முடிச்சை அப்படியே விட்டு, அதைச் சுற்றி இலை போட்டு அழகாக்கிய பிள்ளையும் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

என் பேச்சு முடிந்துவிட்டது. கடைசியாக ஒரு காரியம். பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு பேப்பர் கிடைத்தது. பட்டர் பேப்பர். மயில். தோகையில் கண் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மல்லிகை மொட்டு வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு மயிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துளை போட்டிருக்கிறது, மூலையில் மண்ணெண்ணெய்க் கறை இருக்கிறது, ஓரத்தில் பெயர் இல்லை. விதி வருவதற்கு முன்னால் வந்ததாக இருக்க வேண்டும். தைக்க வேண்டும் என்று ஐந்தாறு பேர் கேட்டார்கள், இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இதை இப்போது முன்வரிசையிலிருந்து கைமாற்றி விடுகிறேன். உங்கள் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, யார் கையிலாவது இந்த மயிலைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள். அவசரமில்லை, கடைசி வரிசை வரைக்கும் போகட்டும். ஓரத்தைப் பிடித்து வாங்குங்கள், பேப்பர் ரொம்பப் பழசு.